நீயே பார்த்துக் குடு

பழைய கார் வாங்குவதில் புரோக்கரிடம் பேரம் பேசுவதுதான் பெரிய பாடு என்று பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது சுலபம். அவர் நாலு என்பார், நாம் மூன்று என்போம், எங்கோ ஓரிடத்தில் படியும். படியாவிட்டால் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடலாம். அவரவர் லாபத்தைத்தான் அவரவர் பார்ப்பார்கள் என்பது இருவருக்கும் தெரிந்ததுதான், அதில் மனக்கசப்புக்கு இடமில்லை. சொந்தக்காரரிடம் வாங்குவதுதான் கஷ்டம். அவர் விலையே சொல்ல மாட்டார். "நமக்குள்ள என்ன, நீயே பார்த்துக் குடு" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கக் கூப்பிடுவார். விற்பவருக்கும் சேர்த்து நியாயம் பார்க்கும் பொறுப்பு அந்த நொடியில் வாங்குபவன் தலையில் ஏறிவிடுகிறது.

2025 ஆடி மாதத்தில் எனக்கு அது நடந்தது. பாளையங்கோட்டையில் இருக்கும் மாமா, அதாவது என் அப்பாவின் தங்கை கணவர், கார் ஓட்டுவதை நிறுத்திவிடுவதென்று முடிவு செய்திருந்தார். கண்ணில் புரை எடுத்த பிறகும் ராத்திரியில் எதிர் வண்டியின் வெளிச்சம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 2017-ல் புதிதாக எடுத்த மாருதி வேகன்ஆர் அது. பெட்ரோல் வண்டி, முதல் ஓனர் அவரே. நானோ மதுரையில் அதே மாதிரி ஒரு வண்டியைத் தேடி ஒவ்வொரு டீலர் கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். வண்டி எனக்குத்தான் என்று அத்தை முதலிலேயே சொல்லிவிட்டார். விலையைக் கேட்டபோது மாமா கையை விரித்தார். "நமக்குள்ள என்ன மருமவனே கணக்கு? நீயே பாத்துக் குடு."

இந்த வார்த்தையைக் கேட்டு நான் சந்தோஷப்படவில்லை, பயந்தேன். எங்கள் குடும்பத்திலேயே இப்படி ஒரு வண்டி கைமாறி இரண்டு வீடுகளுக்குப் போக்குவரத்து நின்றுபோன கதை உண்டு. விற்றவர் "பார்த்துக் குடு" என்றார். வாங்கியவர் தனக்கு நியாயமென்று பட்ட தொகையை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்தார். எண்ணிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று விற்றவர் அப்படியே உள்ளே வைத்துவிட்டார். அதே மாடல் வெளியே என்ன விலைக்குப் போகிறது என்று பிறகு யாரோ சொல்ல, அவருக்கு மனசு சுருங்கிவிட்டது. வாங்கியவருக்கோ வண்டியில் இன்ஜின் வேலை வந்து கைக்காசு போயிருந்தது. இருவருமே அடுத்தவருக்காகத் தான் விட்டுக்கொடுத்ததாக நம்பினார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் அது ஒற்றை வரியாக வெளியே வந்தது, அத்தோடு பேச்சு நின்றது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அவரவர் கணக்கு அவரவர் மனசுக்குள்ளேயே இருந்துவிட்டது, அவ்வளவுதான். இரண்டையும் ஒரே தாளில் யாரும் எழுதிப் பார்க்கவில்லை.

அதனால் மாமாவிடம் ஒரு நிபந்தனை வைத்தேன். எவ்வளவு என்று இப்போது பேச வேண்டாம், எப்படிக் கணக்குப் போடுவது என்று முதலில் பேசுவோம். அந்த வழி இருவருக்கும் சம்மதமானால், அதில் வருகிற தொகை எதுவானாலும் இருவரும் ஏற்க வேண்டும். மாமா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அத்தை மட்டும் எழுந்துபோய் ஒரு பட்டுப்புடவை அட்டைப்பெட்டியை எடுத்து வந்து மேசையில் வைத்தார். வண்டி வாங்கிய நாளிலிருந்து போட்ட சர்வீஸ் பில், பேட்டரி கார்டு, இன்சூரன்ஸ் தாள் எல்லாம் வருஷவாரியாக அதில் கட்டிவைக்கப்பட்டிருந்தன.

எங்கிருந்து கணக்கைத் தொடங்குவது என்பதில்தான் முதல் பேச்சு வந்தது. மாமா 2017-ல் கொடுத்த விலையிலிருந்து தொடங்கினார். அஞ்சு லட்சத்துச் சொச்சம் போட்டு எடுத்த வண்டி, சீட் கவர், மியூசிக் சிஸ்டம், அலாய் வீல் என்று மேலே வேறு செலவழித்திருக்கிறார். அந்தச் செலவின் பலனை எட்டு வருஷமாக அவர்தான் அனுபவித்திருக்கிறார். அன்று கொடுத்த விலை இன்றைக்கு எதையும் தீர்மானிக்காது. இன்று ஷோரூமில் அதே வண்டி புதிதாக என்ன விலை என்பதுதான் பழைய வண்டிக்கு உச்சவரம்பு. கூடுதலாக மாட்டிய சாமான்களுக்குச் சந்தை அநேகமாக ஒன்றும் தருவதில்லை. ஒருவர் ஆசைப்பட்டு மாட்டியதை அடுத்தவர் கழற்றிப் போடவும் கூடும். இதை அவரிடம் சொல்வது சங்கடமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

அடுத்து அவர் இன்சூரன்ஸ் தாளில் இருந்த ஐ.டி.வி. தொகையைக் காட்டினார். வண்டி திருடு போனாலோ முழுசாகச் சேதமானாலோ கம்பெனி கொடுக்கும் உச்சத்தொகை அது. பலரும் அதையே வண்டியின் விலை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கு அட்டவணைப்படி போடுவது. ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருஷம் வரை 15, இரண்டு வருஷம் வரை 20, பிறகு 30, 40 என்று ஏறி ஐந்தாம் வருஷத்தில் 50 சதவீதம் கழிப்பார்கள். ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு அட்டவணையே கிடையாது, கம்பெனியும் ஓனரும் பேசி வைத்துக்கொள்வதுதான். எங்கள் வண்டியோ எட்டு வருஷத்தது. இந்த அட்டவணைக்கு வண்டி எந்த மாடல், சந்தையில் அதைத் தேடுகிற ஆள் இருக்கிறாரா, எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதெல்லாம் தெரியாது.

நான் சேர்த்துவைத்திருந்த விளம்பர விலைகளையும் ஒதுக்கினோம். அவை கேட்கிற விலைகள், கொடுத்த விலைகள் அல்ல. அதிலும் ஒப்பிடத் தகாதவை நிறைய. பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டியும் பதினைந்து வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் டெல்லி வட்டாரத்தில் ஓடத் தடை வந்ததிலிருந்து, வயதான வண்டிகள் அங்கிருந்து தெற்கே மலிவாக வருகின்றன. வேறு மாநிலப் பதிவு வண்டிக்குத் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஆயுள்கால வரி கட்டி, புது நம்பர் எடுக்க வேண்டும். அதையெல்லாம் கூட்டினால் மலிவு பாதி கரைந்துவிடும். தமிழ்நாட்டில் முதல் பதிவு, முதல் ஓனர், அதே வருஷம், அதே வகை என்று பொருந்திவருகிற வண்டிகளை மட்டும்தான் மாமாவின் வண்டியோடு வைத்துப் பார்க்கலாம்.

கடைசியில் இரண்டு விலையை எடுத்துக்கொண்டோம். மாமா இந்த வண்டியை ஒரு டீலருக்கு விற்றால் கையில் என்ன கிடைக்கும் என்பது ஒன்று. இதே மாதிரி வண்டியை நான் ஒரு டீலரிடம் வாங்கினால் என்ன கொடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. முதல் விலைக்குக் கீழே போனால் மாமாவுக்கு நஷ்டம், இரண்டாவதற்கு மேலே போனால் எனக்கு. நியாயமான விலை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோதான் இருக்க முடியும். முதல் விலையை மாமாவே விசாரிக்க வேண்டும் என்றேன். நான் விசாரித்துச் சொன்னால் அது என் வார்த்தை, அவர் காதால் கேட்டால்தான் அது அவர் தெரிந்துகொண்ட விலை.

சில நாளில் மாமா போன் செய்தார். திருநெல்வேலியிலிருந்து ஒரு டீலர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். "மூணு லட்சம் கேக்கான் மருமவனே. பரவால்லல்லா? நீ அந்த மூணையே குடுத்துட்டு எடுத்துக்கோ. எனக்குத் திருப்திதான்."

நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்த நேரத்தில் என் மனசில் என்ன ஓடியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதே வருஷத்து வேகன்ஆர், இன்னும் அதிகமாக ஓடியது, பேரமெல்லாம் முடிந்து 3 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மதுரையில் படிவதை நான் நேரில் பார்த்திருந்தேன். மாமாவுக்கு அது தெரியாது. அவராகவே மூன்று என்கிறார், மனநிறைவோடுதான் சொல்கிறார். "சரி மாமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எழுபதாயிரம் மிச்சம். பொய் சொல்லத் தேவையே இல்லை. டீலரே மூன்றுதான் கேட்டார் என்று நாளைக்கு யாரிடமும் நிமிர்ந்து சொல்லலாம். வீட்டு லோன் தவணை, பையனின் காலேஜ் ஃபீஸ் எல்லாம் வரிசையாக மனசில் வந்து அந்த "சரி"க்கு ஆதரவாக நின்றன. ஆசை திருட்டைப் போல வரவில்லை. நியாயத்தின் ஒரு பாதியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தது. அதனால்தான் அதை அடையாளம் காணச் சற்று நேரம் ஆனது.

பிறகு சொன்னேன்: "மாமா, அது அவங்க வாங்குற விலை. விக்கிற விலை வேற. இதே வண்டி அங்க மூணு எழுபதுக்குப் போகுது. ரெண்டையும் வச்சுத்தான் நாம பேசணும்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அத்தைட்ட சொல்லுதேன்" என்றார்.

அந்த எழுபதாயிரம் யாருடையது என்பதுதான் இந்தக் கணக்கின் உயிர்நாடி. டீலர் அதைச் சும்மா எடுத்துக்கொள்வதில்லை. கடை வாடகை, ஆள் சம்பளம், வண்டியைத் தேய்த்து மெருகேற்றுவது, விற்கும் வரை முடங்கிக் கிடக்கும் பணத்தின் வட்டி, விற்ற பிறகு வருகிற குறைகளுக்கான பொறுப்பு என்று அவருக்குச் செலவு உண்டு. பதிவு பெற்ற டீலர் என்றால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மேல் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். 2025 ஜனவரி முதல் அது எல்லாக் கார்களுக்கும் 18 சதவீதம். ஒரு தனிமனிதர் தன் சொந்த வண்டியை இன்னொருவருக்கு விற்கும்போது அந்த வரி கிடையாது, கடை வாடகையும் கிடையாது. அப்படியென்றால் அந்த இடைவெளி இருவருக்கும் பொது. மாமாவுக்கு டீலர் தருவதைவிடக் கொஞ்சம் அதிகம், எனக்கு டீலரிடம் வாங்குவதைவிடக் கொஞ்சம் குறைவு. சரிபாதியாகப் பிரித்தோம். 3,35,000 வந்தது.

டீலர் விலை என்பது சராசரி வண்டிக்கானது. இந்த வண்டி சராசரிக்கு மேலா கீழா என்று பார்க்க வேண்டுமல்லவா? அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சி ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன். நாங்கள் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். சூடான இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். அண்ணாச்சி பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சாவியைப் போடச் சொன்னார். ஓடுகிற இன்ஜினில் ஆயில் மூடியைக் கழற்றி, அந்த வாயில் புகை தள்ளுகிறதா என்று பார்த்தார். கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கை உருவிவிட்டு உள்ளே வரிசையாக இருந்த வெல்டிங் புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தார். கம்பெனியில் வைத்த புள்ளிகள் சம இடைவெளியில் குழிக்குழியாக இருக்கும். அடிபட்டு டிங்கரிங் செய்த வண்டியில் அந்த ஒழுங்கு கெட்டிருக்கும், அல்லது பட்டி பூசி மூடப்பட்டிருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தார். வெள்ளத்தில் நின்ற வண்டியை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் உள்பாதியில் சேற்றுக்கறை நின்றுவிடும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு மூழ்கிய வண்டிகள் பல கை மாறி ஊர் ஊராகப் போனதிலிருந்து தனக்கு இந்தப் பழக்கம் என்றார்.

டயரைப் பார்த்தபோது குனிந்து என்னையும் கூப்பிட்டார். பக்கவாட்டில் ஒரு சின்ன வட்டத்துக்குள் 0419 என்று இருந்தது. 2019-ஆம் வருஷத்தின் நாலாவது வாரத்தில் செய்த டயர். பட்டன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நகத்தால் அழுத்தினால் பக்கவாட்டு ரப்பரில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. தேய்ந்ததால் போன டயர் இல்லை, வயதால் போனது. நான்கையும் மாற்ற 16,000 ரூபாய். முன்பக்கம் சஸ்பென்ஷனில் புஷ்ஷும் லிங்க் ராடும் போயிருந்தன, 5,500. இடது பின்கதவில் ஒரு நசுங்கல், நிமிர்த்திப் பெயின்ட் அடிக்க 4,000.

கழிக்கும் இடத்தில்தான் வாங்குகிறவன் கை நீள்கிறது. நான்கு டயருக்கு முழுசாகப் பதினாறாயிரம் கழிக்கத்தான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் டீலரிடம் 3,70,000 கொடுத்து எடுக்கிற வண்டியிலும் புது டயர் இருக்கப்போவதில்லை, பாதி தேய்ந்ததுதான் இருக்கும். அந்தத் தேய்மானம் விலையிலேயே அடங்கியிருக்கிறது. எனவே பாதியை மட்டும், 8,000 கழிப்பதுதான் முறை. முழுசாகக் கழித்தால், ஒரே தேய்மானத்துக்கு மாமா இரண்டு தடவை பணம் கொடுத்ததாகிவிடும். பழைய வண்டி பேரங்களில் அதிகமாக நடக்கிற அநியாயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

எழுதியதை மாமாவிடம் நீட்டினேன். அத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சத்தம்போட்டு வாசித்தார். கதவு வரியில் நிறுத்தினார். "இது உன் தம்பி குற்றாலத்துக்கு எடுத்துட்டுப் போனப்ப ஆனதுல்லா? அதுக்கு எங்ககிட்ட எதுக்கு நாலாயிரம் பிடிக்கே?" எனக்கு அது தெரியாது, தம்பி சொல்லவில்லை. சந்தைக் கணக்கில் நசுங்கல் என்றால் நசுங்கல்தான், யார் கையால் ஆனது என்று அங்கே கேட்க மாட்டார்கள். எங்கள் கணக்கில் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அந்த வரியை அடித்தேன். கணக்கு மேசை மேல் விரிந்து கிடந்ததால்தான் அத்தையால் அதைச் சொல்ல முடிந்தது. மொத்தத் தொகையை மட்டும் நான் சொல்லியிருந்தால், அந்த நாலாயிரம் அதற்குள் ஒளிந்துகொண்டிருக்கும்.

கூட்ட வேண்டியதையும் எழுதினோம். ஓடியது 41,000 கிலோமீட்டர்தான். நான் ஒப்பிட்ட வண்டிகள் எழுபது எண்பதாயிரம் ஓடியவை. மீட்டரை யாரும் திருப்பவில்லை என்பதற்கு அத்தையின் பெட்டியில் இருந்த பில்கள் சாட்சி. ஒவ்வொரு பில்லிலும் அன்றைய கிலோமீட்டர் பதிவாகியிருந்தது. பாலிசியில் நோ கிளைம் போனஸ் 50 சதவீதம் இருந்தது. அது உச்சபட்சம். ஐந்து வருஷம் தொடர்ந்து கிளைம் வாங்காமல் இருந்தால்தான் அந்த இடத்துக்கு வர முடியும். எனவே இன்சூரன்ஸில் சரிசெய்த பெரிய விபத்து எதுவும் அண்மையில் இல்லை. இவற்றுக்கெல்லாம் 12,000 கூட்டினோம். அந்த போனஸ் வண்டியோடு வராது, அது ஓனருக்குச் சொந்தம். பெயர் மாற்றும்போது மிச்ச மாதங்களுக்கான வித்தியாசத்தை நான்தான் கட்ட வேண்டும். அதையும் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். அதன் மூலம் அவர் திறந்துவிட்ட ஆய்வுத்துறைக்காக 2001-ல் வேறு இருவரோடு நோபல் பரிசு பகிர்ந்துகொண்டார். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டியையும் சந்தேகப்பட்டுக் குறைத்தே கேட்கிறார். அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல வண்டி வைத்திருப்பவர்கள் சந்தையை விட்டு விலகுகிறார்கள், மிஞ்சுவது மோசமான வண்டிகள்தான் என்பது அவர் வாதம். அத்தையின் அட்டைப்பெட்டி அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிற மருந்து. அதற்குரிய விலையை அவர்களுக்குத் தருவதே முறை. எங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. வண்டியைப் பற்றி அதிகம் தெரிந்தவர் மாமா, சந்தையைப் பற்றி அதிகம் தெரிந்தவன் நான். அவர் வண்டியின் குறையை மறைக்கவில்லை. நான் மட்டும் சந்தை விலையை மறைத்தால் அது எந்த ஊர் நியாயம்?

கூட்டிக் கழித்ததில் 3,33,500 வந்தது. ஆடி கழியட்டும், அப்புறம் வண்டி எடுத்துக்கொள் என்றார் அத்தை. கூடவே ஒரு சந்தேகமும் கேட்டார்: "தீபாவளி வருது. அதுக்குள்ள வெளிய விலை ஏறிட்டா?" நியாயமான கேள்வி. வண்டி கைமாறுகிற வாரத்தில் டீலர் வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் மறுபடி விசாரித்து, மற்ற வரிகளை அப்படியே வைத்துக்கொண்டு கணக்கைத் திருத்துவது என்று தாளின் அடியில் எழுதினோம். அத்தைக்கு நஷ்டம் வரக்கூடாது என்பதற்காக எழுதிய வரி அது.

ஆகஸ்ட் 15 அன்று, ஆடி முடிகிற நேரத்தில், ஜி.எஸ்.டி. விகிதங்கள் குறையும் என்று பிரதமர் செங்கோட்டையில் அறிவித்தார். செப்டம்பர் 3-ஆம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவெடுத்தது. சின்ன பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீத வரியும் 1 சதவீத செஸ்ஸும் போய், 18 சதவீதம் மட்டும். வரிக்கு முன் நூறு ரூபாய் என்றால், வரியோடு 129 ரூபாயாக இருந்தது 118 ரூபாய் ஆகிறது, அதாவது விலையில் எட்டரை சதவீதம் இறங்குகிறது. ஆறு லட்ச ரூபாய் வண்டியில் ஐம்பதாயிரத்துக்கு மேல் குறையும். ஆயுள்கால வரியும் வண்டி விலையை வைத்துத்தான் போடுகிறார்கள் என்பதால் அதுவும் கொஞ்சம் இறங்கும். புது வண்டி இறங்கினால் பழைய வண்டி நிற்குமா? டீலர்கள் வாங்குவதையே தள்ளிப்போட்டார்கள். மகாளய அமாவாசைக்கு மறுநாள், செப்டம்பர் 22-ல் புது விகிதம் அமலுக்கு வந்தது. அந்த வாரமே விசாரித்தோம். வாங்கும் விலை 2,80,000 ஆகவும், விற்கும் விலை 3,45,000 ஆகவும் இறங்கியிருந்தன. நடுவிலை 3,12,500. பழைய கூட்டல் கழித்தலைப் போட்டால் 3,11,000. ஆடியில் பேசியதைவிட 22,500 குறைவு.

அந்தத் தாளை நீட்ட எனக்குக் கை வரவில்லை. ஆடி என்று நாங்கள் தள்ளிப்போட்டதால் மாமாவுக்கு நஷ்டம். பேசியபடி 3,33,500-ஐயே கொடுத்துவிடலாமா என்றும் யோசித்தேன். அதையும் அவரிடமே சொன்னேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "விலை ஏறியிருந்தா நீ கூடக் குடுத்திருப்பேல்லா? அப்ப இறங்கினா நான் கொறச்சுக்கிடத்தான் வேணும். எழுதினது ரெண்டு பேருக்கும்தான்." அத்தையும் அதையே சொன்னார். இரக்கப்பட்டு நான் கூடுதலாகக் கொடுத்திருந்தால், எங்கள் கணக்கு அங்கேயே உடைந்து மறுபடி "பார்த்துக் குடுத்த" கதையாகியிருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. கணக்கைக் காட்டி வாங்கியதால் மாமாவுக்குக் குறை இல்லை. கணக்கைக் காட்டிப் பணம் கொடுத்ததால் எனக்கும் உறுத்தல் இல்லை.

ஆயுத பூஜைக்கு முன்பே பணத்தை வங்கி வழியாக அனுப்பிவிட்டேன். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் அனுமதிக்காது. உறவு என்றாலும் அது பொருந்தும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அன்றே கையெழுத்துப் போட்டோம். அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். "பேர் மாத்துறத மெதுவா பார்த்துக்கிடலாம்" என்று மாமா சொன்னபோது நான்தான் விடவில்லை. விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நான் ஓட்டுகிற வண்டிக்கு அந்த வயதில் அவர் கோர்ட்டுக்கு அலையக்கூடாது. விலையில் நியாயம் பார்த்துவிட்டுப் பெயர் மாற்றத்தில் அசட்டையாக இருந்தால், பார்த்த நியாயம் பாதிதான்.

உறவுக்குள் பணம் பேசுவது அநாகரிகம் என்று வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கூச்சத்தில் நாம் காப்பாற்றுவதாக நினைக்கிற உறவு, பேசாமல் விட்ட கணக்கின் பாரத்திலேயே நசுங்கிப்போகிறது. கார் என்றில்லை, வீட்டு மனை, நகை, கடைச் சரக்கு எதுவானாலும் யாராவது உங்களை நம்பி "நீயே பார்த்துக் குடு" என்றால், தொகையை உடனே சொல்லிவிடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த சந்தை விலையை அவரும் தெரிந்துகொள்ள வழிசெய்யுங்கள். கழிப்பதையும் கூட்டுவதையும் அவர் கண் முன்னால் எழுதி, அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டக் கூச்சமாக இருக்கிற வரி எதுவோ, அதை அவர் கையில் கொடுப்பதற்கு முன்பே திருத்திவிடுங்கள்.